இடது காலில் பிரேக்

வெயிலில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் இரும்புத் தட்டு, செருப்பையும் தாண்டிச் சுடும். கூடவே சூடான ரெக்சின் சீட்டின் வாசம்...

இருபது வருடம் இருக்கும். அப்போது நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற டி-ஷர்ட்டில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

எங்கள் சூப்பர்வைசர் அருள்மேரி அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த குடும்பம். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. ஆனாலும் தினமும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போவது அவர்தான்.

பழைய கியர் ஸ்கூட்டர். பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரங்கள். வலது காலுக்குக் கீழே இருக்க வேண்டிய பிரேக்கை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இடது பக்கம் மாற்றியிருந்தார். பிரேக் இருந்த இடத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டு. போல்ட்டைத் தளர்த்தி ஏற்றலாம், இறக்கலாம். வலது காலைக் கையால் தூக்கி அதன்மேல் வைத்து பெல்ட் போட்டுக்கொள்வார்.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்தது என் காலுக்குப் போய்ச் சேரவில்லை...

ஒரு நாள் மத்தியானம், துணி ரோல் ஏற்றிய டிராலி அக்காவின் கால்மேல் ஏறிவிட்டது. அதுவும் அந்த நல்ல கால்மேல்.

கம்பெனி வேன் துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போயிருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. கால் வீங்கிக்கொண்டே போனது.

"ஏட்டி சாந்தி, நீ வண்டி ஓட்டுவேல்லா? எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தம்பியின் ஸ்கூட்டரை இரண்டு மூன்று மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். "ஓட்டுவனுங்க்கா" என்றேன்.

முதல் திருப்பத்திலேயே குழப்பம். நான் உடம்பைச் சாய்க்கிறேன், துணைச் சக்கரம் இருப்பதால் வண்டி சாயாமல் நேரே போகிறது. "சாயாதட்டி, ஹேண்டில ஒடி!" என்று அக்கா கத்தினார். ஒடித்துத் திருப்பினேன்.

அடுத்த சந்திலிருந்து வடக்கத்திக்காரர் ஒருவர், டீ கேனைக் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்தார்.

வலது காலால் ஓங்கி மிதித்தேன். மிதித்தது அந்தத் தட்டை. அது அசையவே இல்லை. வண்டி போய்க்கொண்டே இருந்தது. இன்னும் பலமாக மிதித்தேன்.

"எடது! எடது கால மிதிட்டி!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எது இடது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். கையில் ஒரு பிரேக் இருப்பதும் மறந்துபோனது. பின்னாலிருந்து அக்காவின் கை வந்து என் கையோடு சேர்த்து அதை அழுத்தியது.

சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண்தான். "அரே தீதீ!" என்று, 'ஐயோ அக்கா' என்பதை இந்தியில் கத்தினார் அவர். பிறகு அக்காவின் காலைப் பார்த்துவிட்டு, சைக்கிளை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

அக்காவின் பாதத்தில் இரண்டு எலும்பு விரிசல். மாவுக்கட்டு. மூன்று வாரம்.

சாயந்திரம் ஓனர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ஏனுங் மேரி, மூணு வாரம் ஊட்ல ரெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் வேற ஆள உக்கார வெச்சுக்கறோம்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்க மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"உக்காந்து பாக்குத வேலதான சார். நாளைக்கே வந்துருவேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்று வாரமும் நான்தான் வண்டி ஓட்ட வேண்டும் என்று அர்த்தம். ஓனர் போனதும் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, பிரேக்க மறுபடியும் வலது பக்கமே மாத்திரலாமுங்க. மூணு வாரத்துக்குத்தானுங்."

அவர் சூம்பிய காலைக் கையால் நகர்த்தி வைத்தார்.

"அத மாத்தி வாங்க எத்தன ஒர்க்‌ஷாப் ஏறி எறங்குனேன் தெரியுமா? இந்தக் கால வச்சிக்கிட்டு. போற எடமெல்லாம் முடியாதுன்னுதான் சொன்னானுவ. எனக்கு வண்டி சரியாத்தான் இருக்கு. நீ ஒன் கால மாத்திக்கோ."

வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்பது இன்றுவரை விளங்கவில்லை...

மறுநாள் விடிந்ததும் அவர் வீட்டுத் தெருவில் பயிற்சி. கட்டுப் போட்ட காலை நீட்டியபடி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஒனக்குக் கால் நீளம்" என்று வண்டியைப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, ஸ்பானரால் அந்தத் தட்டை ஒரு அங்குலம் இறக்கினார். என் வலது காலை அதில் வைத்து பெல்ட்டை இறுக்கினார்.

"இது சும்மா கெடந்தாத்தான் அது வேல செய்யும். ம், போ."

போனேன். "பிரேக்!" என்று கத்துவார், மிதிப்பேன். பத்து முறை வலது கால் துடித்தது. பதினோராவது முறை, இடது கால் தானாக அழுத்தியது.

மூன்று வாரம் நான்தான் ஓட்டினேன். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

கட்டுப் பிரித்த அன்று தட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு அக்கா முன்னால் உட்கார்ந்தார். நான் மறுபடி பின்னால். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? இருந்தது. ஆனால் என் வண்டியை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

அடுத்த வாரம் தம்பியின் ஸ்கூட்டரை எடுத்து, இடது காலால் பிரேக் இல்லாத வெறும் தளத்தை மிதித்து, காம்பவுண்ட் சுவரில் மோதினேன். "ஏனக்கா, நீ எந்தக் கால்லதான் ஓட்டறே?" என்றான்.

சில வருடத்தில் அக்கா குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார். கொஞ்ச நாள் போன் பேசினோம். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

இப்போது என் மகள் வைத்திருக்கும் ஸ்கூட்டரில் கியரும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. எல்லாம் கையில். கால் பாட்டுக்குச் சும்மா இருக்கலாம். போன வாரம் அவளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் வண்டியைக் கையால்தான் நிறுத்தினேன். ஆனால் இடது கால் அதுபாட்டுக்கு எதையோ துழாவியிருக்கிறது.

மகள் எட்டிப் பார்த்தாள். "கீழ என்னம்மா தேடற?"

"தெரீல கண்ணு" என்றேன்.