ஏறினார், இறங்கினார்

போன வாரம் திருப்பதியிலிருந்து சித்தூர் போக ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். மதியம் முழுக்க ஜன்னலை மூடி வெயிலில் போட்டிருந்த வண்டி. உள்ளே கால் வைத்ததும் அந்த வாசனை. சூடேறிய ரெக்ஸின் சீட்டு, டீசல், யாரோ விட்டுப்போன கொய்யாப்பழம். அவ்வளவுதான், இறங்கிவிட்டேன். "ஏமி சார், மர்ச்சிபோயாரா?" என்றார் கண்டக்டர், எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்து. மறந்து தொலைத்தால்தான் தேவலையே. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.

என் முதல் வேலை திருப்பதியில்தான். பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நாள் முழுக்கக் கீழே குண்டானும் தாம்பாளமும் உருளும் சத்தம். எங்கள் மேனேஜர் தெலுங்கில்தான் பேசுவார். எனக்கு அப்போது தெரிந்த தெலுங்கு "ஊ", "சரே" இரண்டுதான். அதனால் ஆபீஸிலேயே பணிவான பையன் என்று பெயர் வாங்கியிருந்தேன். பக்கத்து நாற்காலி முனிரத்தினம். சாந்திபுரத்துக்காரன், என் வயசு. கணக்கு போடுவது தெலுங்கில், திட்டுவது தமிழில். என்னைவிடப் பத்து மடங்கு வாய்.

எங்களுக்கு வந்த வேலை இது. ஸ்ரீசிட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஊர் ஊராய்ப் பெண்களை ஏற்றிவரும் ஒப்பந்த பஸ்கள் இருந்தன. பஸ் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். அட்டையைக் காட்டினால் பெயர், ஊர், நேரம், ஏறினார் அல்லது இறங்கினார் என்று ஒரு வரி தயாராகும். அந்த வரி தொழிற்சாலையின் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். எந்த முறையில் அனுப்புவது என்பதுதான் கேள்வி. ஒரு முறையில் பெட்டி வரியை அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடும். இன்னொன்றில், வந்து சேர்ந்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை வரியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பும். இரண்டுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள் உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

முனிரத்தினம் இரண்டாவதுக்குத்தான் ஒற்றைக்காலில் நின்றான். "கத சொன்னா எதிர்ல இருக்கிறவன் உம் கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டான்னு அர்த்தம், மறுபடி சொல்லணும்" என்றான். அதையே தெலுங்கில் மேனேஜரிடமும் சொன்னான். அந்த மொழியிலும் கதைக்கு ஊ கொட்டத்தான் செய்கிறார்கள். மேனேஜர் சிரித்தார். அதற்குக் கொஞ்சம் விலை கூடின பெட்டி வேண்டும், பஸ்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், பஸ் ஓடினால் போதாதா, கதை சொல்லித் தூங்க வைக்க இது என்ன குழந்தையா என்றார். முதல் முறையே முடிவானது.

பிச்சாட்டூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே செல்போனுக்கே தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. ஆந்திரா வரவேற்கிறது, தமிழ்நாடு வரவேற்கிறது என்று மாறி மாறி மெசேஜ் வந்து கொல்லும். மலையோரம் வந்தால் இரண்டு பேரும் வரவேற்க மாட்டார்கள், சிக்னலே போய்விடும். அதனால் தினமும் சில பெண்கள் ஏறினதாக இருக்கும், இறங்கினதாக இருக்காது. முதலில் அப்படிப்பட்ட வரிகள் திரையில் சிவப்பாகத் தெரிந்தன. பஸ்காரர் ஆட்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு அலுத்துப்போனார்கள். எல்லாம் சிக்னல் கோளாறுதானே என்று அந்தச் சிவப்பை எடுக்கச் சொன்னார்கள், மேனேஜர் எடுக்க வைத்தார். "சிக்னல் பூட்ச்சி" என்பது அங்கே எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது.

செல்வியை எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரியும். பெட்டி வைத்த புதிதில் சோதித்துப் பார்க்க நானும் முனிரத்தினமும் கூடவே போவோம். பிச்சாட்டூர் தாண்டி ஒரு ஊர் அவளுக்கு. கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டு வருவாள், எங்களுக்கும் ஆளுக்கொன்று தருவாள். இறங்கும்போது அட்டையைக் காட்டிவிட்டு, "இன்னாண்ணா, நா வூட்டாண்ட எறங்கிட்டேன்னு உன் பொட்டி ஒத்துக்கினுச்சா?" என்பாள். பச்சை விளக்கு எரிந்ததும் ஒரு சிரிப்பு. அந்த விளக்குக்குப் பெட்டி அட்டையைப் படித்துவிட்டது என்று மட்டும்தான் பொருள், அந்தப் பக்கம் சேர்ந்தது என்றல்ல. அவளுக்கு மட்டுமில்லை, பஸ்ஸில் யாருக்குமே அது தெரியாது.

அது மழைக்காலம் முடிந்து ஊரெல்லாம் காய்ச்சல் அடித்த சமயம். செல்விக்கும் காய்ச்சல். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். காலையில் திரும்பும்போது கடைசி சீட்டில் சுருண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் ஊரில் டிரைவர் நிறுத்தினார், நாலைந்து பேர் இறங்கினார்கள், வண்டி நகர்ந்தது. பிறகு ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வீட்டில் அவள் அடுத்த ஷிஃப்டும் சேர்த்துப் பார்க்கிறாள் என்று இருந்துவிட்டார்கள். அங்கே பெண்கள் செய்கிற காரியம்தான் அது. மதியத்துக்கு மேல் அவள் அம்மா பொறுக்க முடியாமல் பஸ் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். அவர் திரையைப் பார்த்தார். ஏறினார் என்று இருந்தது, இறங்கினார் என்று இல்லை. "சிக்னல் இல்லம்மா, எறங்கியிருப்பா" என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஷிஃப்டுக்கு வண்டி எடுக்க வந்த டிரைவர்தான் கதவைத் திறந்தார். காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

அந்த வாரமே அவள் அப்பா எங்கள் மாடியேறி வந்தார். சண்டை போட வரவில்லை. கூலி வேலைக்குப் போகிற மனிதர், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "பச்ச வெளக்கு எரிஞ்சா நம்ம வந்து சேந்துட்டோம்னு அர்த்தம் நைனான்னு சொல்லிக்கினே இருப்பா. அன்னிக்கி எரிஞ்சிதா சார்?" என்று கேட்டார். மேனேஜர் தெலுங்கில் ஏதோ ஆரம்பித்தார். முனிரத்தினம் குறுக்கே புகுந்து, "எரிஞ்சிது நைனா. ஏறும்போது எரிஞ்சிது" என்றான். அவர் சரி என்று தலையாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். முனிரத்தினம் அன்று பாத்ரூமுக்குள் போய் அழுத அழுகை கீழே பாத்திரக்கடை வரைக்கும் கேட்டது.

உன் பங்கு என்ன இதில், நீ சின்னப் பையன், உன்னை யார் கேட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மூடிக் கிடந்த பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அந்தக் கடைசி சீட்டில் யாரோ சுருண்டு படுத்திருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, சொல்வதில் வெட்கம் என்ன.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. மாடியில் யாரோ ஜிம் வைத்திருக்கிறார்கள். மேனேஜர் எங்கே என்று தெரியாது. பஸ்களில் பெட்டி மாறிவிட்டது, முனிரத்தினம் கேட்ட அதே முறை, இப்போது தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கிற அவன் கையாலேயே. பழைய வரிகளையெல்லாம் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்த அன்று எனக்குப் போன் செய்தான். ஏறினவர் இறங்கியே ஆக வேண்டும், இறங்கின நேரம் காலியாக இருந்தால் புதியது அந்த வரியையே வாங்காது. சிக்னலில் தொலைந்த மற்ற பெண்களுக்கெல்லாம் வழக்கமாக இறங்குகிற நேரத்தைப் போட்டுவிட்டானாம்.

"செல்வியோடதுதான் நிக்கிது. அதுக்கு இன்னாடா போடறது?"

ஒன்றும் போடாதே, விட்டுவிடு என்றேன். விட்டுவிட்டான், அந்த வரி மட்டும் பழையதிலேயே தங்கிவிட்டது. மறுவாரம் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டார்கள். அன்று காலை அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள் என்பதற்குக்கூட இப்போது எங்கேயும் ஒரு வரி கிடையாது.