செயலாளர் நாற்காலிக்கு மூன்று பேர்

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கென்று ஒரு கால்பந்து கிளப் இருந்தது. ஆவடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் அதைவிடப் பெரிய கிளப் கிடையாது என்று நாங்கள் நம்பினோம். சீனியர் அணி, ஜூனியர் அணி, லீக்கில் இடம், வலை கட்டிய கோல் கம்பங்கள். வலைதான் எங்களுக்குப் பெருமை. மற்ற மைதானங்களில் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் சீனியர் அணியில் பன்னிரண்டு வருஷம் லெஃப்ட் பேக், இடது பக்கத்தைக் காப்பவன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் செயலாளர் பணி ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். நாகர்கோவில்காரர். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் செயலாளர். செயலாளர் என்றால் கடிதம் எழுதுகிறவர் மட்டுமில்லை. லீக் ஆபீசுக்கு நடப்பது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் மாட்டிய ஆட்டக்காரனை அவன் வேலை பார்க்கும் ஷாப்பின் மேனேஜரிடம் கெஞ்சி மீட்டு வருவது, பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, பெயர் வராதவன் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துச் சமாதானம் சொல்வது, எல்லாம் அவர் தலையில்தான். அவர் இல்லாத கிளப்பை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் எங்களை நன்றாக அறிந்தவர். "கூட்டம் போட்டு ஓட்டு எடுத்தா திருநெல்வேலி ஒரு பக்கம், வடாற்காடு ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிப்பீங்க" என்றார். "மூணு பேரு உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. ரெண்டு பேரு யாரைச் சொல்லுதீங்களோ அவருதான் செயலாளர். அதுக்கப்புறம் ஒருத்தனும் வாயத் திறக்கப்பிடாது."

அந்த மூன்று பேரில் ஒருவர் எங்கள் கோல் கீப்பர், திருநெல்வேலிக்காரர், யூனியனில் இருந்ததால் எதற்கும் எழுந்து நின்று பேசுவார். இரண்டாமவர் டைம் ஆபீஸ் கிளார்க், ஒரு காலத்தில் ஹாஃப் பேக், ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர். மூன்றாவது ஆள் நான். என்னை ஏன் போட்டார் என்று கேட்டேன். "நீ ரெண்டு பேருக்கும் சண்ட வந்தா நடுவுல நிப்பே" என்றார்.

வெல்ஃபேர் ஹால் பலகையில் அறிவிப்பு ஒட்டினோம். விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று மட்டும்தான் அதில் இருந்தது. பத்து நாளில் மூன்று தாள்கள் வந்தன. ஒன்று, தொழிற்சாலை அதிகாரி ஒருவருடையது. இன்னொன்று எங்கள் பழைய சென்டர் ஃபார்வர்டு எழுதியது. மூன்றாவது, கோடு போட்ட நோட்டுத் தாளில், குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது. எழுதியவர் குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தின் பி.டி. டீச்சர்.

கிளார்க் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மச்சான் இது, டீச்சருக்கு ஃபுட்பாலைப் பத்தி இன்னா தெரியும்?"

"ஆம்பளைதான் வரணும்னு போர்டுல எழுதலல்லா" என்றார் கோல் கீப்பர். "கூப்பிட்டுப் பேசிருவோம். பேசுறதுல என்ன வந்துச்சு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெல்ஃபேர் ஹாலின் வாசகசாலை அறையில் மூவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு இன்டர்வியூவுக்குத்தான் போயிருந்தேன். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

அதிகாரி முதலில் வந்தார். நல்ல மனிதர். புது ஜெர்சி, பச்சைப் புல், சுற்றிலும் வேலி என்று நிறையச் சொன்னார். போகும்போது கதவருகில் நின்று, "ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நேரம். மத்த நாள்ல வேலையை யாராவது பாத்துக்கணும்" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் எங்களுக்கு வேண்டியது மற்ற ஆறு நாளுக்கான ஆள்.

அடுத்தவர் சென்டர் ஃபார்வர்டு. அவரைப் பார்த்ததும் மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். நாற்பது வயது தாண்டியும் அதே நடை. மழையில் நனைந்த மைதானத்தில், முட்டி வரை சேற்றோடு அவர் தலையால் இடித்துப் போட்ட கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. கோல் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் நான்தான் தயங்கித் தயங்கி, "லீக்குக்கு லெட்டர் எழுதறது, லீவு கேக்கறது இதெல்லாம் எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீங்க மூணு பேரு இருக்கீங்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதையும் கொடுக்கலாம் போலிருந்தது.

டீச்சர் கடைசியாக வந்தார். முப்பது வயது இருக்கும். ஊதாக் கரை போட்ட பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. உட்காரச் சொன்னோம், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எங்கே விளையாட்டுப் பழகினீர்கள் என்று கிளார்க் கேட்டார்.

"எங்க ஊரு செம்பரம்பாக்கம் ஏரிக்கரை சார். அப்பா அம்மா ரெண்டு பேரும் கழனி வேலை. கோடையில தண்ணி உள்ள வாங்கிடும், ஏரிக்குள்ளதான் ஆட்டம். எங்க அண்ணனுங்க அஞ்சு பேரு. ஒரு பக்கத்துக்கு மூணு பேரு வேணும்னு ஆறாவதா என்னைச் சேத்துக்கினாங்க."

கோல் கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற இருவரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். பதில் என்ன வரும் என்று தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எங்க டீம்ல என்ன குறைன்னு நினைக்கீங்க?"

டீச்சர் எங்கள் மூவரையும் பார்த்து, "சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"சும்மா சொல்லுங்க."

"ஸ்கூல் காம்பவுண்ட் ஓரமா நின்னு எல்லா மேட்ச்சும் பாக்கறேன். போன டோர்னமென்ட்ல நாலு கோல் வாங்கனோம். அதுல மூணு இடது பக்கத்துல இருந்து வந்தது." என்னை நேராகப் பார்த்தார். "சார் நல்லா ஆடறாரு. தலையால நல்லா எடுக்கறாரு. ஆனா பந்து அவரைத் தாண்டிப் போய்டுச்சுன்னா திரும்பி ஓட முடியல. ரெண்டு வருஷமா அப்படித்தான் கீது. அவர உக்கார வெக்கணும் சார்."

குறிப்பெடுக்கக் கையில் வைத்திருந்த பேனாவை என்ன செய்வதென்று தெரியாமல் மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். கிளார்க் ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றி டீச்சர்" என்று யாரோ சொன்னார்கள். நானாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவிக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கோல் கீப்பரின் மனைவி குழாயடியில் சொல்லியிருக்கிறார். நான் சட்டையைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, "அவங்க சொன்னது பொய்யாங்க?" என்றாள்.

"அதைச் சொல்ல ஒரு இடம் இல்லையா? மூஞ்சிக்கு நேராவா?"

"முதுகுக்குப் பின்னாடி சொல்லியிருந்தா பரவாயில்லையா?"

நான் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைய சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனேன். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவேன். திரும்பி ஓடி, அது கோட்டைத் தாண்டுவதற்குள் பிடிக்க வேண்டும். முதல் தடவை பிடிக்க முடியவில்லை. மண் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவையும் இல்லை. பன்னிரண்டு தடவை எறிந்தேன், இரண்டு தடவைதான் பிடித்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வலது முட்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கூட வந்தது. அந்த ஒரு நொடி போதும், எதிரணியின் எந்த விங்கரும் என்னைத் தாண்டிவிடுவான். இரண்டு வருஷமாக அது எனக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரியாத மாதிரி இருந்திருக்கிறேன். கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். முப்பத்தெட்டு வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொழிற்சாலையின் காலைச் சங்கு ஊதும்வரை அங்கேயே இருந்தேன்.

அன்று மாலை மூவரும் கூடினோம். கோல் கீப்பர் எழுந்து நின்று, "என் ஓட்டு சென்டர் ஃபார்வர்டுக்கு. அவரு வந்து நின்னாலே பயலுக ஓடுவானுவ" என்றார்.

கிளார்க் டீச்சர் பக்கம் நின்றது எங்களுக்கு ஆச்சரியம். "அந்தம்மா நம்ம எல்லா மேட்ச்சும் பாத்துகினு கீது. நம்ம ஆளுங்கள்ல எவன் அப்படிப் பாத்தான்? நானே பாதி மேட்ச்சுல டீ குடிக்கப் பூடுவேன்."

"லேடீஸ் எப்படி வே சமாளிப்பாங்க? ஆம்பளைங்க உடுப்பு மாத்துற இடம்."

"மாத்தும்போது வெளிய நிப்பாங்கப்பா. நீ இன்னா, பெரிய சினிமா ஸ்டாரா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கோல் கீப்பரின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. நேற்று வாங்கிய அடிக்கு நான் எப்படி ஓட்டுப் போடுவேன் என்று அவர் கணக்குப் பண்ணியிருந்தார்.

"டீச்சர்" என்றேன்.

கோல் கீப்பர் என் கையைப் பிடித்தார். "வேய், யோசிச்சுத்தான் சொல்லுதீரா? நாளைக்கே உம்மை உக்கார வச்சிருவாங்க."

"தெரியும்ணே. காலைல நானே பாத்துட்டேன்."

பழைய செயலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா வரும் மக்கா" என்று மட்டும் சொன்னார்.

சொன்னதுபோல் உடனே நன்றாக வரவில்லை. டீச்சர் கூப்பிட்ட முதல் பயிற்சிக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். சென்டர் ஃபார்வர்டு மைதானத்துப் பக்கமே தலை காட்டவில்லை. எங்கள் மூவரையும் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பினார். டீச்சர் ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். எனக்கு அந்த வீட்டுப் படி ஏறவே கூச்சமாக இருந்தது.

"அண்ணே, லெட்டர் எல்லாம் நான் எழுதிக்கறேன். நம்ம பசங்களுக்குத் தலையால அடிக்க வரல. கண்ணை மூடிக்கறானுங்க. அத என்னால சொல்லித் தர முடியாது, நீங்கதான் சொல்லித் தரணும்" என்றார்.

சென்டர் ஃபார்வர்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பத்து நாளா வீட்ல உம்முன்னு உக்காந்திருக்காரும்மா, கூட்டிகினு போயிடு" என்றார். அடுத்த நாள் மாலை அவர் மைதானத்துக்கு வந்துவிட்டார்.

லீக்கின் முதல் ஆட்டத்துக்குப் பட்டியல் ஒட்டியபோது, கடைசி வரியில், மாற்று ஆட்டக்காரர்களில் என் பெயர் இருந்தது. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் பட்டியலை மேலிருந்து இன்னொரு முறை படித்தேன். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு அணியோடு ஆட்டம். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் இடத்தில் ஆடியவன் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் புதிதாகச் சேர்ந்தவன், மான் மாதிரி ஓடினான். அப்படியும் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். இரண்டு கோலும் வலது பக்கத்தில் விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பி, கடுகடுவென்ற முகத்தோடு, "இன்னிக்கி உங்க தப்பு இல்ல சார்" என்றார். இரண்டு நொடி கழித்துத்தான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. தோற்ற அணியின் பெஞ்சில் அப்படிச் சிரித்ததற்குக் கோல் கீப்பர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு நான் நான்கு ஆட்டம்தான் ஆடினேன். ஆனால் எந்த ஞாயிறும் வீட்டில் இருந்ததில்லை. டீச்சர் லீக் ஆபீசுக்குப் போகும்போது கூடப் போவேன். முதல் தடவை அங்கிருந்தவர்கள் என்னைத்தான் செயலாளர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினார்கள். டீச்சர் அதில் தானே உட்கார்ந்துகொண்டார். ஷாப் மேனேஜர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அவரிடம் டிரில் செய்தவர்கள். பழைய செயலாளர் அரை நாள் கெஞ்சி வாங்கிய லீவை, டீச்சர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துக் காஞ்சிபுரம் பக்கம் போகும்வரை அவர்தான் எங்கள் செயலாளர். அதற்குள் எத்தனையோ தோற்றோம், சில கோப்பைகளும் வாங்கினோம்.

அந்த வருஷங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, வேப்பம்பட்டில் ஒரு இறுதி ஆட்டம் ஜெயித்துவிட்டு ரயிலில் திரும்பிய சாயங்காலம். நாங்கள் பையன்களோடு பொதுப் பெட்டியில் ஏறினோம். டீச்சர் அடுத்திருந்த லேடீஸ் பெட்டியில் ஏறினார். திருநின்றவூரில் ரயில் நின்றதும் இறங்கி எங்கள் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "முதல் பாதியில அந்தக் கார்னர யாரு அப்படி அடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் ரயில் ஊத, திரும்பி ஓடினார். பட்டாபிராமில் மறுபடி வந்து, "கோப்பை வாங்கிட்டா எல்லாம் சரியாப் பூடுமா?" என்றார். சென்டர் ஃபார்வர்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நான்தாம்மா அடிக்கச் சொன்னேன், போய் ஏறு, வண்டி கிளம்புது" என்று கத்தினார். இந்துக் கல்லூரி ஸ்டேஷனிலும் டீச்சர் இறங்கி வந்தார். அதற்குள் பையன்கள் எல்லோரும் கதவருகில் கூடி, "டீச்சர் வராங்க, டீச்சர் வராங்க" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் நின்றார். முறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.