ஈப்போவுக்கு ஆடியவள்

தீர்த்தம்மாளைப் பற்றி மாரண்டஹள்ளியில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். சொந்த ஊரை விட்டுவிட்டு வெளிநாட்டுக்காரிகளோடு சேர்ந்து ஆடி, ஊருக்கு வரவேண்டிய கோப்பையைத் தட்டிவிட்டவள் என்று. அவள் கல்யாணமாகி ராயக்கோட்டைப் பக்கம் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்னும் டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸில் சொல்கிறார்கள், பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அங்கே இருந்தவள் நான். கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷகிலா. அப்பா சர்தார் மாரண்டஹள்ளிக் கடைவீதியில் மெத்தை தைக்கிறவர். தீர்த்தா, பாலக்கோடு ரோட்டோரம் மானாவாரி நிலம் வைத்திருந்த மாதேஸ்வரனுக்கு ஒரே பெண். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஒருவர் நெட்பால் சொல்லிக் கொடுத்தார். கூடைப்பந்து மாதிரிதான், ஆனால் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. பிடித்த இடத்தில் நின்று, மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். பந்து வைத்திருப்பவளிடமிருந்து எதிராளி மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். தீர்த்தாவுக்கு இந்தக் கடைசி விதி ரொம்பப் பிடித்துப்போனது. பஸ்ஸில் எவனாவது ஒட்டிக்கொண்டு வந்து நின்றால் திரும்பிப் பார்த்து, "மூணடி" என்பாள். அவன் விழிப்பான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நல்ல உயரம் அவள். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு கோஸ் மூட்டை ஏற்றுகிற லாரிகளுக்கு வேலைக்குப் போனாள். மூட்டையாக இல்லாமல் உதிரியாக ஏற்றும்போது கீழேயிருந்து ஒவ்வொரு கோஸாக எறிவார்கள், அவள் லாரி மேலே நின்று பிடித்து அடுக்குவாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒன்றுகூடக் கீழே விழாது. அதனால் ஆட்டத்தில் அவளைக் கோல் கீப்பராகப் போட்டோம். வளையத்துக்குக் கீழே நின்று, எதிராளிக்குப் போகிற பந்தையெல்லாம் மேலேயே பறித்துவிடுவாள்.

எங்களை வைத்துக் கிளப் ஆரம்பித்தவர் உரக்கடை கிருஷ்ணப்பன். பந்து வாங்கிக் கொடுத்தார், இரும்புக் கம்பம் இரண்டு வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று சொல்ல மாட்டேன். செயலாளரும் அவரே. கிளப்புக்குத் தன் அம்மா பெயரை வைத்தார், குள்ளம்மாள் நினைவு மகளிர் நெட்பால் கிளப் என்று. உயரமாக இருப்பவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தப் பெயர். அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் ஆட இடம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தைப் பையன்கள் விடுவதாக இல்லை. கடைசியில் மாதேஸ்வரன்தான் ரோட்டோரத்து நிலத்தில் ஒரு பகுதியை, பெண் ஆசைப்படுகிறாளே என்று கொடுத்தார். எழுத்து, கையெழுத்து எதுவும் இல்லை, வாய் வார்த்தைதான்.

அந்த நிலத்தில் கல் பொறுக்கியவர்கள் நாங்கள். தீர்த்தா வண்டி கட்டி ஏரியிலிருந்து செம்மண் கொண்டுவந்து கொட்டினாள், நாங்கள் பரப்பினோம், தண்ணீர் தெளித்து திமிசு போட்டு இறுக்கினோம், சாணி மெழுகினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அந்த வருஷம் அங்கே போட வேண்டிய நிலக்கடலையை மாதேஸ்வரன் போடவில்லை. கிருஷ்ணப்பன் ஒரு நாள் புல்லட்டில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமல் கோர்ட்டின் நடுவில் நின்று பார்த்துவிட்டு, ஜோராக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்தாறாம் வருஷம் கோடையில் மலேசியாவிலிருந்து ஈப்போ கிளப் ஒன்றும் சிங்கப்பூர் கிளப் ஒன்றும் மெட்ராஸிலும் பெங்களூரிலும் ஆட வந்தன. இடையில் மூன்று நாள் நம் ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போங்கள் என்று கிருஷ்ணப்பன் யார் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்துவிட்டார். சேலத்திலிருந்து ஒரு டீம், அப்புறம் நாங்கள். சுவரெல்லாம் போஸ்டர், சர்வதேசக் கிளப் மகளிர் நெட்பால் போட்டி என்று. எங்களுக்குத் தூக்கமே வரவில்லை. விடியும் முன்னே எழுந்து ஆடினோம், வேலை முடிந்து வந்து ஆடினோம். நான் சென்டர். வெளிநாட்டுக்காரிகளோடு ஆடப் போகிறாள் என்று என் அம்மா ஜான் பீ தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். தீர்த்தாவுக்கு அந்த மூன்று நாள் போதும், வேறெதுவும் வேண்டாம். அதைத் தன் வாயாலேயே சொன்னாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வேன் வந்து நின்றது. மெட்ராஸிலிருந்து ஏழு பெண்கள் இறங்கினார்கள். கெஸ்ட் பிளேயர்கள். எங்கள் கிளப் பெயரில் அவர்கள்தான் ஆடப் போகிறார்கள் என்று கிருஷ்ணப்பன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கலெக்டர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், வெளிநாட்டுக்காரிகளிடம் தோற்றுப்போனால் ஊர் மானம் போய்விடுமாம். கோஸ் ஏற்றுகிறவளும் மெத்தைக்காரர் பெண்ணும் ஆடினால் போகிற மானம், வாடகைக்கு ஆள் பிடித்து வந்தால் போகாது போலிருக்கிறது. அதற்கப்புறம் சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்கெல்லாம் பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்து வாசல்ல நின்னு பன்னீரு தெளிங்க. அதுவும் கௌரவந்தாம்மா."

 அவர் போன பிறகு தீர்த்தாவிடம் நான்தான் குதித்தேன். இது உன் நிலம், கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக் கட்டு, எவன் ஆடுகிறான் பார்க்கலாம் என்றேன். அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. 

"வர்றவங்க நமக்கு என்னாடி பண்ணாங்க? நைனா வாக்கு குடுத்திருக்கு. ஆட்டம் முடியட்டும்" என்றாள்.

மறுநாள் வாசலில் நின்றோம். அவள் கையில் பன்னீர்ச் செம்பு, என் கையில் சந்தனம். வாசல் அலங்கார வளைவில் கிருஷ்ணப்பன் படம், அவருக்குக் கீழே அவர் அம்மா படம், அதற்கும் கீழேதான் நெட்பால். கலெக்டர் வந்தார், மாலை போட்டார்கள். கிருஷ்ணப்பன் மைக்கைப் பிடித்து முழங்கினார். விருந்தாளிகள் எதைக் கேட்டாலும் இந்த ஊர் இல்லை என்று சொல்லாது, இது குள்ளம்மாள் பெற்ற பிள்ளையின் வாக்கு என்றார். ஜனம் கைதட்டியது. பக்கத்தில் ஈப்போப் பெண்கள் பந்தெறிந்து பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்து தப்பி எங்கள் தலைக்கு மேலே வந்தது. தீர்த்தா இடது கையில் செம்பைப் பிடித்தபடி, நின்ற இடத்திலிருந்தே எம்பி வலது கையால் பிடித்தாள். ஒரு சொட்டுப் பன்னீர் சிந்தவில்லை. அப்படியே திருப்பி எறிந்தாள். பந்து அவர்கள் கேப்டன் நெஞ்சுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கேப்டன் தமிழ்ப்பெண். ஆட்டம் முடிந்து வந்து எங்களோடு பேசினாள். யார் நீங்கள், ஏன் ஆடவில்லை என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மெட்ராஸ் பெண் ஒருத்தியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளூர்ப் பெண்கள் எல்லோருக்கும் கல்யாணமாகிப் போய்விட்டது, டீமே இல்லை என்று சொல்லித்தான் தங்களைக் கூப்பிட்டதாகச் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை.

இரண்டாம் நாள் ஆட்டங்கள் காலையிலேயே முடிந்தன. ஈப்போவும் எங்கள் கிளப்பும் இறுதிக்கு வந்தன. பிற்பகல் கிருஷ்ணப்பன் விருந்தாளிகளை பஸ்ஸில் ஒகேனக்கல் கூட்டிப்போய்ப் பரிசலில் சுற்றவைத்து, மீன் வறுவலைத் தின்னத் தின்ன வாங்கிக் கொடுத்தார். பழக்கமில்லாத வெயில், பழக்கமில்லாத காரம். மறுநாள் காலை ஈப்போ டீமில் இரண்டு பேர் எழுந்திருக்கவே முடியவில்லை. எட்டுப் பேராக வந்தவர்கள், மிச்சம் ஆறு பேர். ஆட ஏழு பேர் வேண்டும்.

கேப்டன் நேராக மேடைக்குப் போனாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த நடுவரம்மா முன்னாலேயே கேட்டாள்.

"எங்களுக்கு ஒரு கோல் கீப்பர் வேணும் சார். அதோ, பன்னீர்ச் செம்பு வச்சிருக்கிறவங்களைக் கொடுங்க."

 அது சரிப்படாது, வேறு கிளப் ஆள் ஆடக்கூடாது, விதி இருக்கிறது என்று கிருஷ்ணப்பன் இழுத்தார். உங்கள் டீமில் ஆடுகிற ஏழு பேரும் எந்தக் கிளப் என்று அவள் கேட்டாள். நடுவரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அழைப்புப் போட்டிதானே, நீங்கள் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். மேடைக்குக் கீழே இருந்த தக்காளி வியாபாரி ஒருவர், எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டோம் என்று முந்தாநாள்தானே சொன்னீர்கள் என்று எடுத்துக் கொடுத்தார். ஜனம் சிரித்தது. கிருஷ்ணப்பன் தலையை ஆட்டினார். வேறு வழி?

தீர்த்தா செம்பை என் கையில் கொடுத்தாள். பட்டுப்புடவையைக் கழற்றிவிட்டு, அவர்கள் கொடுத்த சட்டையும் எங்கள் பழைய பேண்ட்டும் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல. மெட்ராஸ் பெண்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் வளையத்துக்குக் கீழே பந்து போய்ச் சேர்ந்தால்தானே? எந்தப் பக்கம் எறிந்தாலும் அங்கே தீர்த்தாவின் கை இருந்தது. கோஸ் பிடிக்கிற மாதிரி பிடித்தாள், பிடித்த வேகத்தில் எறிந்தாள். அந்த மண்ணில் எங்கே மேடு, எங்கே வழுக்கும் என்று அவள் காலுக்குத் தெரியும். முதலில் ஜனம் கப்சிப்பென்று இருந்தது. பிறகு லாரிக்காரர்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாரண்டஹள்ளிக்காரர்கள் பாதிப் பேர் "ஈப்போ, ஈப்போ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஈப்போ எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. துரோகி என்று இன்றைக்குப் பேசுகிற வாயெல்லாம் அன்றைக்கு விசிலடித்த வாய்தான், எனக்கு ஒவ்வொரு முகமும் ஞாபகமிருக்கிறது.

ஐந்து கோல் வித்தியாசத்தில் ஈப்போ ஜெயித்தது. ஊருக்குக் கோப்பை இல்லை. இப்போது கிருஷ்ணப்பன் என்ன செய்வார் என்று பார்த்தேன். வெட்கப்பட்டு ஒதுங்குவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனுஷன் பொன்னாடையோடு மைக்குக்கு வந்துவிட்டார்.

"ஈப்போ ஜெயிச்சாலும் ஜெயிச்சது நம்ம பொண்ணு. நம்ம கிளப்பு வளத்த பொண்ணு. அடுத்த வருஷமும் இதே நம்ம கிளப்பு கிரவுண்டுல போட்டி நடக்கும்" என்றார்.

நம்ம கிளப் கிரவுண்டாம். மாதேஸ்வரன் கூட்டத்தின் ஓரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரை மேடைக்குக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. தீர்த்தா பொன்னாடையை வாங்கவில்லை. ஈப்போப் பெண்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள், அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டாள். கேப்டன் அந்தச் சட்டையை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். போகும்போது, ஊருக்காக ஆட முடியலையே என்று வருத்தமா என்று கேட்டாள். அதற்குத்தானேக்கா இந்த மண்ணைச் சுமந்தேன் என்றாள் தீர்த்தா. சொல்லும்போது அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விடிந்ததும் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஓடினேன். கோர்ட்டின் ஓரத்தில் ஏர் பூட்டி நின்றது. எங்கள் பக்கத்தில் பெண்கள் ஏர் பிடிக்கக் கூடாது. நாற்று நடலாம், களை எடுக்கலாம், இடுப்பொடியச் சுமக்கலாம், ஏரை மட்டும் தொடக்கூடாது. மாதேஸ்வரன் தானே ஓட்டுவதாகச் சொல்லிக் கையை நீட்டினார்.

"நான் போட்ட கோர்ட்டு, நைனா. நானே ஓட்டறன்" என்றாள்.

 அவர் சாட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுக்கு முன்னால் கிடந்த தோரணக் கயிற்றை எடுத்து ஓரமாகப் போட்டார்.

மூன்று நாளாகத் தண்ணீர் தெளித்த மண், ஏரின் கொழு இறங்கியது. சாணி மெழுகிய தரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. சுண்ணாம்புக் கோடு மண்ணுக்குள் போனது. கோல் வட்டத்தைத் தாண்டி நடுக்கோட்டுக்கு வந்தாள்.  ரோட்டில் ஜனம் கூடிவிட்டது. பொம்பளை ஏர் ஓட்டுகிறாள், மழை பெய்யாது என்றது ஒரு குரல்.

கிருஷ்ணப்பன் புல்லட்டில் வந்தார், பின்னால் போட்டோ பிடிக்கிறவர். வளைவுக்குக் கீழே அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுக்க வந்திருந்தார்கள். உழுத மண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஓடிவந்து, ஊர் பெயர் என்ன ஆகும், அடுத்த வருஷத்துக்குச் சிங்கப்பூர்க்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

தீர்த்தா ஏரை நிறுத்தினாள். ஈப்போச் சட்டைதான் போட்டிருந்தாள். இரண்டு கையும் மேழியில் இருந்தது.

"மூணடி தள்ளி நில்லுங்க" என்றாள்.

"எதுக்கு மூணடி?" என்றார் அவர்.

நெட்பால் கிளப்பின் செயலாளர், நிஜமாகவே புரியாமல் கேட்டார். தீர்த்தா மாட்டை அதட்டினாள். கொழு தன் செருப்புக்கு நேராக வருவதைப் பார்த்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.