பங்குனி ஆமையும் நெலவாசக் கத்தாழையும்

எங்க ஊருல கரண்டு கம்பம் நட குழி வெட்டிப் போட்டிருந்தாங்கல்ல, அந்த வருசம் பங்குனி. கீழப்பழுவூருக்குத் தெக்க எங்க வூடு. அந்தக் குழியில எங்கப்பா சைக்கிளோட வுழுந்தாரு. அது கெடக்கட்டும், அது வேற கதை.

எங்க தாய்மாமன் வேதாரண்யத்துக்கு உப்பு ஏத்தப் போற லாரியில கிளீனரு. போயிட்டு வந்து சொல்றதுல பாதி இட்டுக்கட்டுனதா இருக்கும். அன்னிக்கு ஒரு டப்பாவுல கடத்தண்ணி ஊத்தி, உள்ளங்கைக்குள்ள அடங்குற ஆமைக்குஞ்சு ஒண்ணு கொண்டாந்தாரு. பங்குனியில கரையேறி முட்ட வுடுறதால பங்குனி ஆமையாம்.

அம்மா வாசப்படியிலயே மறிச்சிருச்சு. "ஆமைய வூட்டுக்குள்ள கொண்டாராத. புத்தி கித்தி இருக்கா ஒனக்கு?"

"ஏக்கா, ஒன் நெலையில கத்தாழ தொங்குதே, அதுக்குத் தம்பிதான் இது. மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம், அது பாட்டுக்குக் கெடக்கும்."

நான் அத நம்பிட்டேன். கண்ணு படாம இருக்கக் கட்டுன சோத்துக்கத்தாழ அது. வேரு மேல, தல கீழ. தை மாசத்துலேந்து ஒரு சொட்டுத் தண்ணி காணல, ஆனா மடலெல்லாம் பச்சையா மேல பாத்து வளஞ்சிருந்துச்சு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன். கத்தாழைக்குத் தடிச்ச தோலு, ஆமைக்கு ஓடு. கத்தாழைக்கு ஓரத்துல முள்ளு, ஆமைக்கு ஓட்டு ஓரம் பல்லுப் பல்லா. மாமா சொன்னது சரிதான்னு, நாத்தமெடுத்த தண்ணியக் கொட்டிட்டு, டப்பாவக் கத்தாழைக்குப் பக்கத்து ஆணியில மாட்டிட்டு ஆடு மேய்க்கப் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பாத்தா கழுத்து தொங்கிப் போச்சு. நான் அழுததக் கேட்டு அம்மா ஓடியாந்துச்சு. திட்டல. டப்பாவத் தூக்கிக்கிட்டு நேரா வூட்டுக்குள்ள போச்சு. சோறாக்குற பானையில தண்ணி ஊத்தி, கல்லுப்ப அள்ளிப் போட்டு, நக்கி நக்கிப் பாத்துச்சு. கடலையே பாத்ததில்ல அம்மா. பக்கத்துல நின்ன மாமாவக் கேட்டுச்சு.

"எவ்ளோடா கரிக்கும்?"

"இன்னும் ஒரு கை போடுக்கா."

வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு துடுப்பு லேசா அசஞ்சுச்சு. வெடிஞ்சதும் மாமா பானையோட லாரி ஏறுனாரு. நாலு நாள் கழிச்சு வெறும் பானையோட வந்தாரு.

"வுட்டியா?"

"வுட்டேன்க்கா. அலையில வச்சதும் ஒரே பாய்ச்சல். போறப்ப தலையத் தூக்கித் திரும்பிப் பாத்துச்சு."

அம்மா அவரு மூஞ்சியவே பாத்துச்சு. எதுக்கும் நாலு கேள்வி கேக்குற அம்மா, "கை கழுவிட்டு வா, சாப்புடு"ன்னு மட்டும் சொல்லிச்சு. அப்பாவுக்கு எடுத்து வச்ச கருவாட்டையும் அவரு தட்டுலயே வச்சுச்சு. மாமா தலைய நிமித்தாம சாப்புட்டாரு. நான் ஆமை போயிருச்சு போயிருச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு ஓடுனேன். அம்மா ஏன் ஒண்ணும் கேக்கலன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல.

தம்பி, நீ ஒம் புள்ளைங்களுக்கு இதச் சொல்லு. சொல்றப்ப, ஆமை போயிருச்சுன்னே சொல்லு.