கீழ்ப்பக்கத்துக் கால்

முதலில் அதை வலி என்றே நான் சொல்லவில்லை. பூட்ஸ் கடிக்கிறது என்றுதான் சொன்னேன். வலது பாதத்தின் மேற்புறம், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், கட்டைவிரல் வைக்கும் அளவுக்கு ஓர் இடம். காலையில் ஒன்றும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஆரம்பிக்கும். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது காலைத் தரையில் வைக்கவே யோசனையாக இருக்கும். படுத்து எழுந்தால் போய்விடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வரும்.

இதே போன்ற வலியோடு நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் வலிக்காமல் அந்த ஒரு புள்ளியில் மட்டும் உயிர் போகிறது என்றால் பூட்ஸைக் குறை சொல்லாதீர்கள். நான் ஐந்து வாரம் குறை சொன்னேன். புது பூட்ஸ்கூட வாங்கினேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. ராசிங்காபுரத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். இருபது வருடமாக விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் தூங்கி, மேலே போய் முழிக்கிறேன்.

ஏலம் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரங்களில் காய்க்கும். அதனால் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரு வரிசைக்கு இரண்டு பேர். மலைச்சரிவில் ஒருத்தி செடிக்கு மேல்பக்கம், இன்னொருத்தி கீழ்ப்பக்கம். மேல்பக்கம் உட்காருகிறவளுக்குக் குதிகால் மண்ணில் பதியும். கீழ்ப்பக்கத்தில் இருப்பவள் மேட்டைப் பார்த்து உட்கார வேண்டும். அவளுடைய குதிகாலுக்கு அடியில் மண் இருக்காது. ஒரு காலின் விரல்களை ஊன்றித்தான் உடம்பு மொத்தத்தையும் நிறுத்த வேண்டும். எனக்கு அது வலது கால்.

என் வரிசைக்காரி ஈஸ்வரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்த சமயம், வயிற்றோடு கஷ்டப்பட வேண்டாமென்று கீழ்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிறது. அத்தனை வருடமும் நாங்கள் இடம் மாறவே இல்லை. மாற வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கால் வலி தொடங்கிய வருடம் மழை நின்று பெய்ததில் காய்கள் சேர்ந்தாற்போல முற்றின. ஒரு சுற்று எடுத்து முடிக்கும் முன்பே அடுத்த சுற்று தயாராக இருந்தது. இடையில் கிடைக்கும் ஓய்வு நாட்கள் கிடைக்கவில்லை.

ஊரில் சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். பாதம் பூசணிக்காயாக வீங்கியது. அதற்குப் பிறகுதான் போடியில் எலும்பு மருத்துவரிடம் போனேன். இளம் வயதுக்காரர். பொறுமையானவர்.

"எப்பம்மா அடிபட்டுச்சு?"

"அடியே படலையே சார்."

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி முறிவு ஆரம்பத்தில் படத்தில் தெரியாமல் போகலாம், இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி வாருங்கள் என்றார். படத்தில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நான் மறுநாளே மலைக்குப் போனேன். நான்கு வாரம் கழித்துத்தான் திரும்பிப் போனேன். கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு.

இரண்டாவது படத்தில் தெரிந்தது. மெட்டாடார்சல் (பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கிப் போகும் நீள எலும்புகள்) ஐந்தில் இரண்டாவதில் மயிரிழை போல ஒரு கோடு. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் படலம். எலும்பு தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளப் பார்த்ததன் அடையாளம் என்றார். நான் விடாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பளு விழுந்து எலும்பில் உண்டாகும் விரிசல்) என்று எழுதினார். பெரும்பாலும் ஓட்டக்காரர்களுக்கு வருமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜீப்பைப் பிடிக்க ஓடுவதைத் தவிர எனக்கு எங்கே ஓட்டம்?

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி (எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத் தருவது, வெயிலில் கிடைப்பது) மிகக் குறைவு. இருபது வருடம் வெளியில் வேலை பார்க்கிறவளுக்கு வெயில் போதவில்லையாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். ஏலத்துக்கு நிழல் வேண்டும். அந்த நிழலில்தான் நாங்களும் இருக்கிறோம், அட்டைக்குப் பயந்து கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டு.

"ஆறு வாரம் நடக்கக் கூடாது" என்றார் மருத்துவர். முழங்கால்வரை ஒரு கட்டுக் காலணி, ஒரு ஊன்றுகோல், மாத்திரைகள். என்ன வேலை என்று கேட்டார், ஏலக்காய் எடுக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கட்டிலில் கிடந்தேன். வலி போய்விட்டது. ஜீப்பில் என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து போகிறாள் என்று ஈஸ்வரி வந்து சொன்னாள். ஒரு சீசனை விட்டால் இடம் போய்விடும். மறுபடி அந்தச் சரிவில் உட்கார முடியுமா என்ற ஒரே பயம்தான் எனக்கு. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

அதனால் ஒரு கணக்குப் போட்டேன். நடக்கத்தானே கூடாது? வாசலில் ஜீப் ஏறினால் தோட்டத்துக்குள் போய்தான் நிற்கும். ஊன்றுகோலோடு பத்துத் தப்படி. பிறகு கட்டுக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்திருக்காமலே குந்தியபடி தூருக்குத் தூர் நகர்ந்தால் போதும். கணவர் கத்தினார்.

"உனக்கு மூளை கீளை இருக்கா? அந்தச் சோலி எங்கயும் ஓடிப் போகாது."

"நான் நடக்கவா போறேன்? உட்கார்ந்துதான இருக்கப் போறேன்?"

மூன்று நாள் அப்படிப் போனேன். வழக்கம்போலக் கீழ்ப்பக்கத்தில். நான்காம் நாள் மதியம் சரிவில் கால் ஊன்றியபோது, சத்தமெல்லாம் கேட்கவில்லை, பாதம் எனக்குக் கீழே மடங்கியது. ஈஸ்வரி என்னை முதுகில் போட்டு ஜீப்வரை தூக்கி வந்தாள். வழி முழுக்க அவள்தான் அழுதாள்.

"நடந்தீங்களாம்மா?" என்றார் மருத்துவர். விரிசல் இப்போது முழு முறிவாகியிருந்தது.

"ஒரு அடிகூட நடக்கல சார். உட்கார்ந்துதான் இருந்தேன்."

"எப்படி உட்கார்ந்தீங்க?"

நாற்காலியில் இருந்தபடியே நல்ல காலை வைத்துக் காட்டினேன். அவருக்குப் பிடிபடவில்லை. மேசையைச் சுற்றி வந்து, நான் சொல்லச் சொல்ல, அவரே தரையில் குந்தினார். குதிகாலைத் தூக்கி, விரல்களை ஊன்றி. கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஷூ நடுவில் மடங்கி நின்றது.

"நாள் பூரா இப்படியா?"

"ஆமா சார்."

"நடக்கிறதைவிட இது மோசம்மா. இதை நான் மொதல்லயே கேட்டிருக்கணும்."

மருத்துவரிடம் வேலையின் பெயரைச் சொன்னால் போதாது. உட்கார்ந்து காட்டுங்கள். பணம் கொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடமில்லை இது. எலும்பைக் கொடுத்துக் கற்றேன்.

அடுத்த எட்டு வாரம் மாவுக்கட்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலில் தூங்கினேன், விழித்தபோது அதே பகலாக இருந்தது. கணவர் தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போகுமுன் ரசம் வைத்துவிட்டுப் போவார். அது ரசமில்லை, ஆனால் குடித்தேன். வந்ததும் "வலிக்குதா?" என்பார். "சாரமில்ல" என்பேன். மலையில் மலையாளிகளோடு வேலை பார்த்து ஒட்டிக்கொண்ட சொல், பரவாயில்லை என்று அர்த்தம்.

ஒருநாள் அவர் சொன்னார்: "நீ சாரமில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பே. அதுலயே தெரிஞ்சிரும்."

கட்டைப் பிரித்தபோது கெண்டைக்கால் பாதியாகியிருந்தது. அது யார் காலோ என்றிருந்தது. தரையில் துண்டை விரித்து விரல்களால் இழுக்கச் சொன்னார்கள். முதல் வாரம் துண்டு அசையவில்லை. பிறகு தெருவில் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து. வலித்தால் முந்தைய வாரத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு முறை திரும்பினேன். வலியைவிட பயம்தான் நடக்க விடவில்லை. அலுப்பில் சில நாள் காலைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன்.

அடுத்த சீசனில் மலை ஏறினேன். மேல்பக்கம் மட்டும், அரை நாள் மட்டும் என்பது மருத்துவர் போட்ட நிபந்தனை. ஜீப்பில் என் இடத்தை ஈஸ்வரி பையைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தாள்.

"இனிமே கீழ்ப்பக்கம் நான்க்கா. நீ இத்தன வருசம் உட்கார்ந்தது போதும்."

மறுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். மேல்பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் கீழ்ப்பக்கத்துக் கால் எப்படி ஊன்றி நிற்கிறது என்பதை முதல்முறையாகக் கவனித்தேன். அத்தனை வருடம் அது என் கால்; எனக்கு அது தெரிந்ததே இல்லை.

அன்றிலிருந்து தேநீர் இடைவேளையில் அவள் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். வலிக்குதா என்பேன். இல்லக்கா என்பாள், நான் கேட்டு முடிக்கும் முன்பே.

போன வாரமும் பூட்ஸைக் கழற்றி வாங்கிக்கொண்டு அழுத்தினேன்.

"வலிக்குதாடி?"

அவள் செடிகளைப் பார்த்தாள். ஒரு நொடி.

"இல்லக்கா. பூட்ஸு கடிக்குது, அவ்வளவுதான். இன்னும் நாலு வரிசை கெடக்கு, வெரசா கொண்டா."

பிறருக்கு அது ஒரு நொடி. எனக்கு அது ஒரு வருடம். ஜீப்காரரைக் கூப்பிட்டு, போடிக்கு மருத்துவரிடம் போக வண்டியை எடுக்கச் சொன்னேன். ஈஸ்வரி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நான் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டேன், கொடுக்கவில்லை.