அணைய மறுத்த சம்மனசு விளக்கு

ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் தெருவுக்குத் தெரு போட்டிதான். ஆலிஸ் குடியிருக்கும் சந்தின் குடிலில், இயேசு பிறந்த சேதி சொல்லும் தேவதூதரான சம்மனசு பொம்மை போன வருஷம்வரை ஊமை. எர்ணாவூர் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் போர்டுக்குச் சால்டரிங் வைத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அவள். சும்மா இருக்காமல், இந்த வருஷம் சம்மனசைப் பேசவைக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டாள்.

குரல் அவள் புருஷன் ஜோபினுடையது. சரக்குக் கப்பலில் ஃபிட்டர். போய்ப் பதினோரு மாதம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றான், அதுவும் தள்ளிப்போயிற்று. சரி, வரத்தான் முடியவில்லை. ஒரு வார்த்தை ஏக்கமாகச் சொல்லக் கூடாதா அந்த மனுஷன்? போன் போட்டால், "நல்லா கீறேன், பிரியாணி துன்னேன்" என்று கிண்டல்தான். என்னைத் தேடுதா என்று கேட்க இவளுக்கும் ரோஷம். அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்ததை யாரிடம் போய்ச் சொல்ல!

சம்மனசின் வசனத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். வசனம் முடிந்ததும் ஒரே இன்ஜின் இரைச்சல். ரெக்கார்டை நிறுத்த மறந்திருப்பான் என்று, அதற்குமேல் கேட்காமல் அப்படியே சவுண்டு போர்டில் ஏற்றினாள். அந்தப் போர்டில் ஒரு ஒயர் உண்டு. ஒலி ஓடும்வரை அதில் வோல்டேஜ் இறங்கியிருக்கும், முடிந்ததும் ஏறிவிடும். பக்கத்திலுள்ள சின்னக் கன்ட்ரோலர் அதைப் பார்த்து, பேச்சு ஓடும்போது சம்மனசின் நெஞ்சில் விளக்கைப் போடும், நின்றால் அணைக்கும்.

மாலை ஏழு மணிக்குக் குடிலை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சர்ச்சிலிருந்து சாமியார் வருகிறார். ஐந்து மணிக்கு ஓட்டிப் பார்த்தால், வசனம் முடிந்தும் விளக்கு அணையவில்லை.

"இன்னாமா ஆலிஸு, சந்து மானத்த வாங்கிடுவ போலக்கீதே!" என்றார் குடில் கமிட்டித் தலைவர் ஸ்டானிஸ்லாஸ், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்.

கம்பெனிப் பழக்கம், தப்பு என்றால் முதல் சந்தேகம் சால்டரிங் மேல். உருக்கி எடுத்து மறுபடி வைத்தாள். கன்ட்ரோலரை மாற்றினாள். மீட்டரை வைத்தால், ஒயரில் வோல்டேஜ் இறங்கியேதான் இருந்தது. இன்னும் ஓடுகிறேன் என்கிறது போர்டு.

"பொய் சொல்லுது சனியன்" என்று ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.

இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், அடிக்குரலில் ஜோபின். "முடியலடி ஆலிஸு. வூட்டுக்கு வரணும் போலவே கீது. உன்னாண்ட சொன்னா நீ அழுவ."

ஆலிஸ் குடிலில் பரப்பிய வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா, துக்கமா, ஐயோ, அவளுக்கே தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்தக் கடைசித் துண்டை வெட்டுவது இரண்டு நிமிஷ வேலை. கை வரவில்லை. வெளியே கேட்காதபடி அந்தத் துண்டின் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தாள்.

ஏழு மணிக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். சம்மனசு கணீரென்று சேதி சொன்னது. சந்தே கைதட்டியது. வசனம் முடிந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அவள் பக்கம் சாய்ந்தார். "வெளக்கு இன்னும் எரியுதேம்மா. ரிப்பேரு பண்லியா?"

ஆலிஸ் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு மாமா. அவரு இன்னும் பேசிக்கினு கீறாரு."