இரண்டு விரல் ஃபோம்

எங்கள் பெரியப்பாவுக்கு உலகத்தில் யாரைக் கண்டும் பயம் கிடையாது, அவருடைய சொந்தத் துப்பாக்கியைத் தவிர. இந்த ரகசியம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான்காம் வகுப்பு படிக்கும்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டாளத்திலிருந்து திரும்பிய பெரியப்பா, ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளின் ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் கன்மேனாக இருந்தார். ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகத் துப்பாக்கி. அதைப் பிடித்துக்கொண்டு வேனிலிருந்து அவர் இறங்கும்போது டீக்கடையில் பேச்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஏதோ ஒரு லைனில் ஏதோ ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவைச் சொல்லித்தான் நான் அங்கே தலைநிமிர்ந்து திரிந்தேன்.

ஆண்டுக்கு ஒருமுறை, வேலைக்கு வைத்திருந்த செக்யூரிட்டி ஏஜென்சி தன் கன்மேன்களைச் சுட்டுக்காட்டச் சொல்லும். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் இடையில் ஐந்து தோட்டா. பட்டாளத்தில் ஒரு தடவை எலும்பு முறிந்து கூடிய வலது தோள் பெரியப்பாவுக்கு. துப்பாக்கி உதைத்த உதையில் முந்தின வருடம் மூன்றோடு நிறுத்திவிட்டார். இந்த வருடமும் ஐந்தை முடிக்காவிட்டால் வேன் கிடையாது, ஏதாவது கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

"கேட்டாண்ட குந்திகினு வண்டி நம்பர் எழுதற வேலையா எனக்கு?" என்று பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பெரியம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

துப்பாக்கியின் பின்பக்கம் தோளில் அழுந்தி நிற்கும் மரக்கட்டைதான் உதையைத் தோளுக்குக் கடத்துவது. அதை மாற்றிவிட்டால் உதை குறையும் என்று முதலில் யார் சொன்னார்களோ, எங்கள் வீட்டில் எல்லோரும் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். அப்பா கார் சீட் செய்யும் கம்பெனியில் ஃபோம் பிரிவு. சித்தப்பா ஷாக் அப்சார்பர் கம்பெனி. பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி அண்ணன் ரப்பர் கம்பெனி. சென்னைத் துப்பாக்கிக் கடையிலிருந்து பழைய மரக்கட்டைகள் மூன்றைப் பெரியப்பா வாங்கி வந்தார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரே வாரத்தில் மூன்றும் திரும்பி வந்தன. அப்பாவுடையதில் நான்கு விரல் கனத்துக்கு ஃபோம். சித்தப்பாவுடையதில் கட்டையையே இரண்டாக அறுத்து நடுவில் ஸ்பிரிங். திருநெல்வேலி அண்ணனுடையதில் மெல்லிய ரப்பர் பட்டை, அவ்வளவுதான்.

"இன்னாண்ணா யோசிக்கற? நம்ம ஸ்பிரிங்கு போட்டா பள்ளமே தெரியாது" என்றார் சித்தப்பா.

"இவன் ஒருத்தன், துப்பாக்கிய பைக்குன்னு நெனச்சுகினு கீறான்" என்றார் அப்பா.

"அண்ணாச்சி, எது கூடுதல் நாள் உழைக்கும்னு பாத்துக்கிடுங்க" என்றார் திருநெல்வேலி அண்ணன், யார் மனமும் நோகாமல்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று பெரியம்மா முணுமுணுத்தாள். ஆனால் சோதனை நடந்தது. பெரியப்பா சுவரில் சாய்ந்து ஒவ்வொரு கட்டையாகத் தோளில் வைத்துக்கொள்ள, சித்தப்பா மறுமுனையில் மரச்சுத்தியால் ஓங்கி அடித்தார். தன் கட்டைக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக அடிக்கிறார் என்று அப்பா சண்டைக்குப் போனார். மதிப்பெண் போடும் பொறுப்பு எனக்கு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டேன். கட்டையை யார் பார்த்தார்கள்? நான் பார்த்தது பெரியப்பாவின் இடது கண்ணை. வலித்தால் அது தானாக மூடிக்கொள்ளும். ஃபோமுக்கு மூடவே இல்லை, பத்துக்குப் பத்து. ஸ்பிரிங்குக்குப் பாதி மூடியது, ஆறு. ரப்பருக்கு இறுக மூடிக்கொண்டது, மூன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் கடை மெக்கானிக்கிடம் காட்டப் போன பெரியப்பா, ரப்பர் கட்டையைத் துப்பாக்கியில் பொருத்திக்கொண்டு திரும்பினார்.

"நம்ம துப்பாக்கி உதைக்கற வேகத்துலதான் அடுத்த தோட்டாவ ஏத்திக்குதாம். மெத்து மெத்துன்னு வெச்சு உதைய முழுங்கிட்டா தோட்டா ஏறாதுன்னுட்டான். இது போதும். கொஞ்சம் நோவும், அதுக்கு இன்னா இப்போ?"

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தத்தம் கம்பெனியே தோற்றுப்போன வருத்தம். திருநெல்வேலி அண்ணன் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது 'நோவும்' என்ற ஒரு சொல்தான். மற்றதெல்லாம் வாடகைக்கு இருப்பவர் மனம் கோணக்கூடாதென்று பெரியவர்கள் சொல்லும் சாக்கு என்று முடிவு செய்தேன். மூன்று மதிப்பெண் வாங்கியவன் எப்படிப் பாஸ் ஆவான்?

துப்பாக்கி டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், சாவி பெரியப்பாவின் இடுப்பில். ஆனால் கட்டையின் நுனியில் மாட்டும் கேன்வாஸ் உறையைப் பெரியம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஏஜென்சியில் சுட்டுக்காட்டும் நாளுக்கு முந்தின மாலை அதை எடுத்தேன். அப்பா மிச்சம் வைத்திருந்த ஃபோமில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி உள்ளே திணித்து, பள்ளிக்கூடத் தையல் வகுப்பின் நீல நூலால் பெருக்கல் குறி போட்டுத் தைத்தேன். இரண்டு முறை ஊசி குத்தி ரத்தம் வந்தது. பெரியப்பாவுக்காகத்தானே என்று விரலைச் சப்பிக்கொண்டேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

காலையில் வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் பெரியப்பா உறையை இழுத்து மாட்டி நாடாவை முடிந்தார். சித்தப்பா பைக்கில் பின்னாலேயே போனார்.

மதியம் சித்தப்பாதான் முதலில் வந்தார். முதல் தோட்டா குறி தவறாமல் பாய்ந்ததாம். அடுத்தது ஏறவில்லையாம். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து இழுத்து ஏற்றியிருக்கிறார். மூன்றாவதைச் சுட்டபோது விசில் அடித்துவிட்டார்கள்.

"ரப்பர்லதான் கோளாறு" என்றார் அப்பா. திருநெல்வேலி அண்ணனின் முகம் சுண்டிவிட்டது.

அந்நேரம் உள்ளே வந்த பெரியப்பா, "ரப்பர் மேல ஒண்ணும் இல்ல. தோள கெட்டியா குடுக்கணும், நான் குடுக்கல. வயசாயிடுச்சு, விடு" என்றார்.

"இல்லண்ணா, நான் பாத்துகினுதான இருந்தேன்..."

"நான்தான் சரியா புடிக்கலன்றேன் இல்ல!"

பெரியப்பா அப்படிச் சத்தம் போட்டு அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் கையைத் திருப்பி விரல் நுனியைப் பார்த்தார். "குத்திக்கினியா?" என்றார். தலையாட்டினேன். தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, தண்டலம் போகும் வழியிலிருந்த ஒரு கம்பெனி வாசலில் நம்பர் எழுத உட்கார்ந்தார். பத்து வருடம் அங்கேதான் உட்கார்ந்தார். பின்னாளில் நானே ஷாக் அப்சார்பர்களைச் சோதிக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மெஷின் உதைப்பதையும் உள்ளே இருப்பது அந்த உதையை விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், கடை மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்து மெஷினை நிறுத்திவிட்டேன். அதற்குள் பெரியப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

ஆனால் நான்காம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. என் ஃபோம் மட்டும் இல்லாவிட்டால் தோள் இன்னும் வலித்திருக்கும், அந்த மூன்றைக்கூடச் சுட்டிருக்கமாட்டார் என்று நினைத்தேன். பள்ளி வேன் தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். பெரியப்பாவின் இரும்பு ஸ்டூலின் மேல் நீல நூல் பெருக்கல் குறிகளோடு என் ஃபோம் துண்டு இருந்தது. வேனைக் கண்டதும் எழுந்து, அதைத் தட்டிக் காட்டி, எனக்கு ஒரு சல்யூட் அடிப்பார். நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பரவாயில்லை பெரியப்பா என்று ஒவ்வொரு நாளும் கத்துவேன்.